காலியாக நின்றால் மட்டம், சுமை ஏற்றினால் மூக்கு மேலே: பிறையில் ஒரு ஹைலக்ஸ் வண்டியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பகுதியில் உள்ள பிறையில், என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருப்பவரின் வண்டி இது. வீடு புதுப்பிக்கும் சிறு குத்தகை வேலைகள் எடுத்துச் செய்கிறார், வயது நாற்பதுக்கு மேல். அவருடைய அக்கா மகன் வாகனத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவன், அவனைத் தம்பி என்றே எழுதுகிறேன். நான் முப்பது வருஷம் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வேலையைச் செய்தது அவர்கள் இருவரும்தான். பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். பெயர்களை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இருவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

வண்டி 2013-ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 2.5 லிட்டர் டீசல், நான்கு கதவு, நான்கு சக்கர ஓட்டம் உள்ளது. இரண்டாம் கையாக வாங்கியது. முன்னால் இருந்தவர் கனமான இரும்பு புல்பாரும் (வண்டியின் முன்னால் வைக்கும் காப்புச் சட்டம்) வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவடச் சுருளி) பொருத்தியிருந்தார். வார நாட்களில் சிமெண்டு, ஓடு, மணல் மூட்டை என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பினாங்குத் தீவின் அந்தப் பக்கம் பாலிக் பூலாவில் ஒரு கூட்டாளியின் டுரியான் தோட்டத்துக்குப் போவார். அந்தத் தோட்டத்து மண்பாதையில் மழைநீர் அறுத்த பள்ளங்கள் இருக்கின்றன. இறங்கும்போது புல்பாரின் கீழ் விளிம்பு மண்ணில் தட்டுகிறது என்பதுதான் அவர் சொன்ன முதல் குறை. இரண்டாவது குறை, வண்டி முன்னால் குனிந்து நிற்பது போலத் தெரிகிறது என்பது.

இவற்றுக்காக அவர்கள் போட நினைத்தது லெவலிங் கிட். அது என்னவென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்த வகை வண்டியில் முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். கம்பெனியிலிருந்து வரும்போதே பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும். முன்பக்க அப்சார்பரின் (அதிர்வைத் தாங்கும் குழாய்) தலைக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவே ஒரு தடித்த வளையத்தை, அதாவது ஸ்பேசரை, வைத்து முன்பக்கத்தையும் பின்பக்க உயரத்துக்குக் கொண்டுவருவதுதான் இந்த வேலை. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்கத் தேவையில்லை. அதனால்தான் பலர் இதை வீட்டிலேயே செய்கிறார்கள்.

தொடங்கும் முன் பார்த்தது

வேலைக்கு முதல் நாள், 2025 ஜனவரி 25, சனிக்கிழமை மாலை, சமதரையில் வண்டியை நிறுத்தி அளந்தோம். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளப்பதுதான் சரியான முறை. தரையிலிருந்து அளந்தால் டயரில் உள்ள காற்று கூடக் கணக்கைக் கெடுக்கும். முன் வலது 478 மில்லிமீட்டர், முன் இடது 484, பின்னால் இரண்டு பக்கமும் 540.

வலதுபக்கம் 6 மில்லிமீட்டர் இறங்கியிருப்பதை மூவருமே பார்த்தோம். ஓட்டுநர் பக்கம் அல்லவா, கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டோம். அந்த 478 என்ற எண்ணை நான் அன்றே ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதே மாலை இன்னொன்றும் தெரிந்தது. ஆன்லைனில் வாங்கிய ஸ்பேசர் 50 மில்லிமீட்டர் தடிப்பு. தம்பியின் கணக்கு நேர்க்கணக்கு: வண்டி 50 உயர வேண்டும், அதனால் ஸ்பேசரும் 50. இந்த வண்டியின் அமைப்பில் அது சரிவராது. அப்சார்பரின் அடிப்பகுதி கீழ் ஆர்மின் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை) நடுப்பகுதிக்கு அருகே பிடித்திருக்கிறது. சக்கரமோ ஆர்மின் நுனியில். ஒரு மரக்கட்டையின் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு விரல் அளவு அசைத்தால், மறுமுனை ஏறக்குறைய இரண்டு விரல் அளவு அசையும். அதே கதைதான். அங்கே 50 வைத்தால் சக்கரத்தில் 90-ஐத் தொடும். அவ்வளவு உயர்ந்தால் டிரைவ் ஷாஃப்ட்டும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) பால் ஜாயிண்டும் (ஆர்மின் நுனி மூட்டு) தாங்கும் கோணத்தைத் தாண்டிவிடும். நல்லவேளையாக அதே ஊரில் ஒரு கடையில் 25 மில்லிமீட்டர் அலுமினிய ஸ்பேசர் கிடைத்தது. 250 வெள்ளி (ரிங்கிட்). முதலில் வாங்கியதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

ஜனவரி 26, காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். வீட்டு போர்ச்சில்தான் (வாசலில் வண்டி நிறுத்தும் இடம்) வேலை.

நம் தாமான் (குடியிருப்பு) வீடுகளின் போர்ச் தண்ணீர் வழிவதற்காக வாசல் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். மேலே ஓடு பதித்திருப்பார்கள். இரண்டுமே இந்த வேலைக்கு ஆகாதவை. வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி முதல் ஸ்டாண்டில் இறக்கியதும், ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் ஓடு 'படக்' என்று விரிந்தது. ஸ்டாண்டு அரை விரல் சாய்ந்தது. யாரும் அடியில் இல்லை. உடனே ஜாக்கில் மறுபடி தூக்கிப் பிடித்து, அவருடைய வேலைச் சாமான்களில் இருந்த 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையை இரண்டடி சதுரமாக அறுத்து, ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் போட்டோம். பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. கழற்றிய முன் சக்கரங்களைச் சேசிஸுக்கு அடியில் படுக்க வைத்தோம். ஸ்டாண்டு எப்படியாவது சரிந்தாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும். இது பட்டறையில் எனக்குச் சொல்லித் தரப்பட்ட பழக்கம், இன்றுவரை விட்டதில்லை.

ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி சாயாமல் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) இணைப்புக் கம்பிகளை இரண்டு பக்கமும் கழற்றினோம். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் மறுபக்கத்து பலம் ஆர்மை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வேலை நகராது. பிரேக் குழாயையும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வயரையும் பிடித்திருக்கும் கிளிப்புகளைத் தளர்த்தி, அவை இழுபடாமல் விட்டோம். கீழே அப்சார்பர் போல்ட் கழன்றது. அடுத்து மேலே.

அப்சார்பரின் தலையில் மூன்று நட்டுகள் வட்டமாக இருக்கும். அவைதான் அதைச் சேசிஸோடு பிடித்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இன்னொரு பெரிய நட்டு உண்டு. அது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருக்கும் நட்டு. தம்பி மூன்றில் இரண்டைக் கழற்றிவிட்டு, மூன்றாவது துருவேறி வராததால், ஸ்பானரை நடு நட்டில் மாட்டிவிட்டான். அதைக் கழற்றினால் மொத்தமும் இளகி வந்துவிடும் என்று நினைத்திருக்கிறான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"தம்பி, அத தொடாதே. அது ஸ்பிரிங்."

அந்த நட்டு கழன்றால், ஒரு வண்டியின் முன்பகுதி எடையைச் சுமந்து நிற்கும் ஸ்பிரிங் ஒரே நொடியில் விரியும். மேல் தட்டு தெறித்து வரும் இடத்தில் அவன் முகம் இருந்தது. இந்த ஆய்வை எழுத ஒப்புக்கொண்டதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். வீட்டில் இதைச் செய்யப் போகிறவர்கள், வேலை தொடங்கும் முன்னே அந்த நடு நட்டின் மேல் சிவப்பு டேப்பைச் சுற்றிவிடுங்கள். மறு பக்கத்துக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

துருவேறிய நட்டுக்குத் துரு எண்ணெய் அடித்து, ஒரு டீ குடிக்கும் நேரம் விட்டோம். வந்துவிட்டது. ஸ்பேசரை அப்சார்பர் தலையில் முடுக்கி, ஆர்மைக் கடப்பாரையால் அமுக்கி, உள்ளே நுழைத்துப் பொருத்தினோம். இரண்டாவது பக்கம் பாதி நேரத்தில் முடிந்தது.

கீழ் போல்ட் விஷயத்தில் ஒரு திருத்தம். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே தம்பி அதை முழு இறுக்கம் கொடுத்துவிட்டான். அந்த போல்ட் ஒரு ரப்பர் புஷ் வழியாகப் போகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். அதனால் மறுபடி தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரை நாலு தடவை அமுக்கி விட்டு, அப்புறம் டார்க் ரெஞ்சில் சர்வீஸ் புத்தகத்து அளவுக்கு இறுக்கினோம்.

மதியம் இரண்டு மணிக்கு அளந்தபோது முன் வலது 524, முன் இடது 530. இரண்டு பக்கமும் சரியாக 46 ஏறியிருந்தது. வண்டி பார்க்க அழகாக, நேராக நின்றது. அவர் நாலு பக்கமும் சுற்றி வந்து படம் எடுத்தார்.

புத்தாண்டு வாரம்

முன்பக்கம் உயர்ந்தால் சக்கரக் கோணங்கள் மாறும். அன்றே எலைன்மெண்ட் செய்ய வேண்டும். ஆனால் சீனப் புத்தாண்டு ஜனவரி 29. வழக்கமாகப் போகும் கடை ஞாயிறு பிற்பகலிலேயே அடைத்துவிட்டது, அந்த வாரம் முழுக்கத் திறக்கவில்லை. ஸ்டியரிங் லேசாக இடதுபக்கம் திரும்பிய நிலையில்தான் வண்டி நேராகப் போனது. பிறைக்குள்ளேயே மெதுவாக ஓட்டிக்கொள்ளச் சொன்னேன். அப்படியே செய்தார்.

பிப்ரவரி 5 அன்று எலைன்மெண்ட் முடிந்தது, 80 வெள்ளி. டோ அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) இரண்டு பக்கமும் விலகியிருந்தது, கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) குறைந்திருந்தது. கீழ் ஆர்மின் கேம் போல்ட்டுகளையும் ஸ்டியரிங்கின் டை ராடுகளையும் திருப்பி எல்லாவற்றையும் அளவுக்குள் கொண்டுவந்தார்கள். அளவுத்தாளை நானும் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. கை விட்டாலும் வண்டி நேராகப் போனது.

வேலை முடிந்தது என்றுதான் மூவரும் நினைத்தோம்.

பாலத்தில் நடந்தது

அந்த வருஷம் தைப்பூசம் பிப்ரவரி 11. தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியில் அவர்கள் குடும்பமும் கூட்டாளிகளும் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். சாமான்களைக் கொண்டுபோவது இந்த வண்டி. பிப்ரவரி 8 சனிக்கிழமை இரவு ஏற்றினார்கள். நாற்காலிகளும் கூடாரத் துணியும் கேபின் பக்கம். அரை லிட்டர் தண்ணீர் 24 போத்தல் கொண்ட பெட்டிகள் நாற்பதும் கடைசியாக ஏறின, டெயில்கேட் (பின் கதவுப் பலகை) ஓரத்தில். ஒரு பெட்டி 12 கிலோ, ஆக 480 கிலோ. இறங்கியதும் முதலில் வேண்டியது தண்ணீர்தானே என்று அப்படி அடுக்கினார்கள்.

பினாங்கு முதல் பாலம் 13.5 கிலோமீட்டர். நடுக்கடலில் காற்று அடிக்கடி பக்கவாட்டில் அடிக்கும். அங்கே என்ன நடந்தது என்பதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அண்ணே, ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆயிருச்சு. காத்து தள்ளுது, நான் திருப்புறேன், வண்டி ஒரு செகண்டு கழிச்சுத்தான் கேக்குது. பாலத்து ஜாயிண்டு வர்றப்பெல்லாம் முன்னால டொக், டொக்குனு அடிக்குது."

மணிக்கு 60-க்கு இறக்கி இடது ஓரமாகவே போயிருக்கிறார். முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாகத் தடம் மாறி ஒதுங்கின. ஒரு கார் மட்டும் ஹசார்ட் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. ஏன் என்று அப்போது அவருக்குப் புரியவில்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு சிக்னலில் நின்றபோதுதான் தெரிந்தது. இவருடைய விளக்கு வெளிச்சம் முன்னால் நின்ற காரின் பின் கண்ணாடி முழுக்க நிறைந்து, உள்ளே இருந்தவர்களின் தலையெல்லாம் வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது.

சாமான் இறக்கித் திரும்பி வரும்போது எந்தத் தொல்லையும் இல்லை. ஸ்டியரிங் சரி, சத்தம் இல்லை. அதே வண்டி, அதே பாலம், அதே இரவு. நோயைக் கண்டுபிடிக்க இதைவிடத் தெளிவான குறிப்பு கிடைக்காது.

காரணம் தேடியது

முதலில் சந்தேகப்படத் தோன்றுவது எலைன்மெண்டும் தளர்ந்த போல்ட்டும்தான். தைப்பூசம் முடிந்து, பிப்ரவரி 15 சனிக்கிழமை வண்டியை மறுபடி தூக்கிப் பார்த்தோம். போல்ட்டுகள் அத்தனையும் இறுக்கம் குறையாமல் இருந்தன. டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட்டுகளில் கிழிசலோ கிரீஸ் கசிவோ இல்லை. ஒன்று மட்டும் கிடைத்தது. இடது சக்கரத்து ஏபிஎஸ் வயரின் கிளிப்பை நாங்கள் திருப்பி மாட்ட மறந்திருந்தோம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது வயர் டயரின் உள்சுவரில் பட்டு, ஒரு நகம் நீளத்துக்கு அதன் கறுப்பு உறை பளபளவென்று தேய்ந்திருந்தது. உள்கம்பி வெளியே வரவில்லை. பிழைத்தோம். வயரை மாற்றாமல் உறை சுற்றிக் கிளிப்பை மாட்டினோம். ஆனால் பாலத்தில் நடந்ததற்கு இது காரணமாக முடியாது.

அப்புறம் சுமையோடு அளந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். அவரிடம் சிமெண்டு மூட்டைகளுக்குப் பஞ்சமில்லை. 50 கிலோ மூட்டை பத்து, ஆக 500 கிலோ.

பத்தையும் டெயில்கேட் ஓரம் அடுக்கினோம். பின்பக்கம் 540-லிருந்து 468-க்கு இறங்கியது. முன் வலது 524-லிருந்து 536-க்கு ஏறியது. முன்பக்கம் ஏறியதுதான் முக்கியம். பின் அச்சுக்குப் பின்னால் சுமை இருக்கும்போது, வண்டி சீசா பலகை மாதிரி வேலை செய்து முன்சக்கரங்களின் மேலுள்ள எடையைக் குறைக்கிறது. எடை குறைந்த டயர் தார்ச்சாலையைப் பிடிக்காது. ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆனதற்கு அதுதான் காரணம்.

அதே பத்து மூட்டைகளைக் கேபின் ஓரத்துக்கு நகர்த்தினோம். பின்னால் 486, முன்னால் 527. மூட்டை அதேதான், வைத்த இடம்தான் வேறு. தம்பி மூட்டைகளைச் சுமந்து நகர்த்திய வியர்வையோடு அந்த எண்களை நோட்டில் எழுதினான். இந்த ஒரு மணி நேரத்தில் அவன் கற்றது ஸ்பேசர் போட்ட நாளைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

டொக் சத்தத்துக்கும் விளக்கம் கிடைத்தது. சக்கரம் மேலே போகவும் கீழே தொங்கவும் அப்சார்பருக்கு ஓர் எல்லை உண்டு. ஸ்பேசர் அப்சார்பரின் நீளத்தைக் கூட்டவில்லை, அதைக் கீழே தள்ளி வைத்தது. வண்டி உயரமாக நிற்பதால், தொங்கும் பக்கம் மீதியிருக்கும் தூரம் முன்பைவிடக் குறைந்துவிட்டது. சுமையால் முன்பக்கம் இன்னும் ஏறியதும் அந்த மீதியும் சுருங்கியது. பாலத்து இணைப்பில் வண்டி லேசாக எழும்பும் ஒவ்வொரு தடவையும் அப்சார்பர் முழுக்க நீண்டு, கடைசி எல்லையில் இடித்தது. அதுதான் டொக்.

விளக்குக் கணக்கைக் காகிதத்தில் போட்டோம். இந்த வண்டியின் சக்கர இடைவெளி 3,085 மில்லிமீட்டர். ஸ்பேசரால் மட்டும் முன்பக்கம் 46 ஏறியதில், 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 15 சென்டிமீட்டர் மேலே போகும். டிம் விளக்கு அதே 10 மீட்டரில் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே சாய்ந்திருக்கும்படிதான் வைக்கப்படுவது வழக்கம். ஆக, சுமை ஏற்றும் முன்பே அந்தச் சாய்வு போய்விட்டது. அதற்கு மேல் பின்பக்கம் 72 இறங்கி, முன்பக்கம் இன்னும் 12 ஏறினால், மொத்தம் 130 மில்லிமீட்டர் வித்தியாசம். 10 மீட்டரில் 42 சென்டிமீட்டர். டிம் விளக்கே ஹை பீம் ஆகிவிட்டது. ஸ்பேசர் போட்ட அன்று விளக்கை நாங்கள் யாரும் தொடவில்லை. தூக்காத வண்டியிலும் சுமை ஏற்றினால் விளக்கு கொஞ்சம் ஏறத்தான் செய்யும், ஆனால் தாங்கும் அளவுக்குள் இருக்கும். அந்த இடத்தை ஸ்பேசர் முன்கூட்டியே தின்றுவிட்டது.

பின்பக்கம் ஏன் உயர்ந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. அது சுமைக்காக விட்டுவைத்த உயரம். காலி வண்டி குனிந்து நிற்பது குறையே இல்லை. சுமை ஏறியதும் அது தானாக மட்டத்துக்கு வரும். காலியாக இருக்கும்போதே மட்டமாக்கினால், சுமை ஏறியதும் மூக்கு மேலே போகும். "இந்த வண்டியில் வாரத்துக்கு எத்தனை நாள் சுமை ஏற்றுவீர்கள்?" என்று ஜனவரி 25 அன்று நான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அவருடைய தொழில் தெரியும், அவர் சிமெண்டு ஏற்றுவதை வாராவாரம் பார்க்கிறேன். இருந்தும் கேட்கவில்லை. வேலையை எப்படிச் செய்வது என்பதிலேயே மனது போய்விட்டது.

கடைசியாக அந்த 478. அவருடைய நண்பர் ஒருவரிடம் அதே வகை, அதே ஆண்டு ஹைலக்ஸ் இருக்கிறது, புல்பார் இல்லாதது. அதை நிறுத்தி அளந்தோம். முன்னால் 502. அப்படியென்றால் நம் வண்டியின் முன் வலதுபக்கம் ஸ்பேசர் போடும் முன்பே 20 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷ ஸ்பிரிங்கின் தலையில் புல்பார், வின்ச் எடை வேறு. தளர்ந்த ஸ்பிரிங்குக்கு மேல் வளையம் வைத்து உயரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். ஸ்பேசர் ஸ்பிரிங்குக்கு ஒரு கிராம் பலமும் கூட்டாது.

எடுத்த முடிவு

மூன்று வழிகளைப் பேசினோம்.

பின்னால் ஒரு பட்டையைக் கூட்டி அதையும் உயர்த்தலாம் என்றான் தம்பி. எனக்கு அதில் விருப்பமில்லை. காலியாக ஓடும் நாட்களில் பின்பக்கம் கட்டையாகக் குதிக்கும். அதோடு இந்த வண்டியில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி போகிறது. அது சுமையைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வால்வின் கம்பி. பின் உயரத்தை மாற்றினால் அந்த வால்வையும் சரிசெய்ய வேண்டும். ஒரு தவறை மறைக்க இன்னொரு இடத்தைத் தொடுவதாக ஆகிவிடும்.

ஸ்பேசரை எடுத்துவிட்டு பழையபடி விடலாம். அது பாதுகாப்பானது, செலவில்லாதது. ஆனால் தோட்டத்துப் பள்ளத்தில் புல்பார் தட்டும் குறை அப்படியே நிற்கும், தளர்ந்த ஸ்பிரிங்கும் அப்படியே.

மூன்றாவது, ஸ்பேசரை எடுத்துவிட்டு, புல்பார் எடையைக் கணக்கில் வைத்துச் செய்த புது முன் ஸ்பிரிங் போடுவது. அவர் இதைத் தேர்ந்தெடுத்தார். முதல் தடவை எந்தக் காரணத்துக்காக இந்த வேலையில் இறங்கினாரோ, அந்தக் காரணத்தை நேராகத் தொடுவது இது ஒன்றுதான்.

வீட்டிலேயே மாற்றலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்று சொன்னேன். ஸ்பிரிங் மாற்ற அதே நடு நட்டைக் கழற்றியாக வேண்டும். கைக்கு அடக்கமான கொக்கி வகை அமுக்கியை வாடகைக்கு எடுத்துப் போர்ச்சில் வைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பட்டறையில் அப்படிப்பட்ட கொக்கி வழுக்கி ஸ்பிரிங் சுவரில் மோதியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுவரோடு பொருத்திய பெரிய அமுக்கி இருக்கும் பட்டறையில் கொடுத்தோம்.

சட்டப் பக்கத்தையும் அப்போதுதான் யோசித்தோம், அது தாமதம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வண்டியின் அமைப்பை மாற்றும் வேலைகளுக்கு ஜேபிஜே-யின் (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி பற்றி முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும், காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லியிருக்க வேண்டும். பாலத்தில் ஏதாவது நடந்திருந்தால் முதலில் எழும் கேள்வி அதுதான். ஸ்பிரிங் மாற்றும் முன் அவர் இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டே செய்தார்.

பிறகு

மார்ச் முதல் வாரத்தில் வேலை முடிந்தது. ஸ்பிரிங்குக்கும் கூலிக்கும் சேர்த்து 1,150 வெள்ளி, மறுபடி எலைன்மெண்டுக்கு 80. காலி வண்டியில் முன் வலது 506, முன் இடது 508. வலதும் இடதும் ஏறக்குறைய ஒன்றாக வந்ததைப் பார்த்தபோது, முதல் நாள் பார்த்த அந்த 6 மில்லிமீட்டர் ஓட்டுநர் பக்கம் என்பதால் மட்டும் வந்ததல்ல என்று புரிந்தது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங்தான் கூடுதலாகத் தளர்ந்திருக்கிறது.

பத்து மூட்டைச் சோதனையைத் திரும்பச் செய்தோம். கேபின் ஓரம் வைத்தபோது முன்னால் 509, பின்னால் 486. மூட்டைகளை இறக்கிவிட்டு, இரவில் எதிர் வீட்டுச் சுவரில் 10 மீட்டர் தூரத்திலிருந்து வெளிச்சத்தின் மேல் விளிம்பைச் சாக்பீஸால் குறித்து விளக்கைச் சரிசெய்தோம். எதிர் வீட்டு அக்கா சுவரில் கோடு போடச் சம்மதித்ததோடு, எங்களுக்கு டீயும் கொடுத்தார்.

மார்ச் நடுவில் அதே 500 கிலோவோடு பாலத்தைக் கடந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காற்று அன்றும் பலமாகத்தான் இருந்தது. ஸ்டியரிங் கையில் கனமாகப் பிடித்தது, இணைப்புகளில் சத்தம் இல்லை, முன்னால் போன கார் எதுவும் ஒதுங்கவில்லை. பாலிக் பூலாவ் தோட்டத்துப் பள்ளத்தில் புல்பார் தட்டுவது முழுக்க நிற்கவில்லை. நேராக இறங்கினால் இன்னும் தட்டுகிறது, கொஞ்சம் கோணலாக இறங்கினால் தப்பிக்கிறது. அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

இன்னொரு முறை என்றால்

முதல் அளவைக் காலி வண்டியில் எடுத்ததும், வழக்கமாக ஏற்றும் சுமையோடும் ஒரு தடவை எடுப்பேன். அதன் பிறகுதான் எதை வாங்குவது என்று பேசுவேன். தளராத அதே வகை வண்டி ஒன்றை அக்கம்பக்கத்தில் தேடிப் பிடித்து அதன் உயரத்தையும் எழுதிக்கொள்வேன். விளக்கு வெளிச்சத்தின் விளிம்பை வண்டியைத் தூக்கும் முன்னே சுவரில் குறித்து வைப்பேன். எலைன்மெண்ட் கடை திறந்திருக்கும் வாரத்தில்தான் வேலையை வைப்பேன். கழற்றிய ஒவ்வொரு கிளிப்பையும் ஒரு தாளில் எழுதி, திருப்பி மாட்டியதும் கோடு போட்டு அடிப்பேன். எங்களிடம் அந்தத் தாள் இருந்திருந்தால் ஏபிஎஸ் வயர் தேய்ந்திருக்காது.

வண்டி முழுக்கப் பொழுதுபோக்குக்கு மட்டும் என்றால், பின்னால் ஒருபோதும் கனம் ஏறாது என்றால், 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் தவறான பொருள் என்று சொல்லமாட்டேன். எலைன்மெண்டும் விளக்கும் அன்றே சரிசெய்தால் அது ஓடும். சிமெண்டு ஏற்றுகிற வண்டிக்கு அது பொருந்தவில்லை.

அந்த இரண்டு அலுமினிய வளையங்களும் இப்போது அவர் வீட்டு ஸ்டோரில், பெட்டிக்குள் இருக்கின்றன. நண்பர் ஒருவர் விலைக்குக் கேட்டார். பின்னால் என்ன ஏற்றுவாய் என்று இவர் கேட்டிருக்கிறார். ஐஸ் பெட்டியும் மீனும் என்று பதில் வந்ததால் கொடுக்கவில்லை. சுமையோடும் சுமையில்லாமலும் எடுத்த அளவுகளைத் தம்பி ஒரு சின்ன அட்டையில் எழுதி, ஓட்டுநர் கதவின் உள்பக்கம், டயர் காற்று அளவு ஒட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறான்.